டிக்

இது சத்தியமான கதை என்று சொல்லித்தான் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர்களிடம் ஆரம்பித்தேன். கொஞ்சம் நீட்டுவேன், அதையும் சொல்லிவிட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் நின்றால் நெல்லையப்பனுக்குத் தண்டலத்து எறும்பு தும்முவது கேட்கும். சரி, எறும்பை விடுங்கள். இரும்பு இருமினால் கேட்கும். அது நிஜம்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் லைனில் மூன்று வருஷம் கான்ட்ராக்ட். என் ரூமில்தான் பாய் போட்டிருந்தான். என் குறட்டையை ரிப்பேர் பண்ண ஸ்பேனர் தேடுவான். பர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர் வந்திருந்தது. பர்மனென்ட் ஆனால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, மிஷினில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது, நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றான். சூப்பர்வைசர் வெங்கடேசன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவன் தோளில் கை போட்டு, காது கெட்டவனுக்குத்தான் இல்லாத சத்தம் கேட்கும் என்று பாசமாகச் சொன்னார். பிறகு லைனில் இருந்த ஐந்து பேரையும் மிஷின் பக்கத்தில் நிறுத்தினார். ரூம்காரன் என்று என்னைத்தான் முதலில் கேட்டார். கேட்கும்போதே அவர் தலை இல்லை, இல்லை என்று ஆடியது.

“இன்னா கன்னியப்பா, எதுனா கேக்குதா?”

டிக் என்றது.

“கேக்கல சார்.”

சொன்ன பிறகு காதை வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கவில்லை. மற்ற நாலு பேருக்கும் கேட்கவில்லை.

காது சரியில்லை என்று எழுதி, நெல்லையப்பனை லிஸ்டிலிருந்து எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பாயைச் சுருட்டும்போது சொன்னான்: “ஒங்களுக்குக் கேக்கல, சரி அண்ணாச்சி. எனக்கு என்ன கேட்டுச்சுன்னு நீங்களாவது கேட்டிருக்கலாம்லா.”

நாலாம் நாள் மிஷின் உடைந்தது. மறைமலை நகர் வரைக்கும் சத்தம். அரை கிலோமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். முன்னாடியே யாராவது சொன்னார்களா என்று மேலதிகாரிகள் வந்து கேட்டார்கள். வெங்கடேசன் தலை அதே மாதிரி ஆடியது. எங்கள் ஐந்து தலையும் சேர்ந்து ஆடின.

கதை இங்கே வந்ததும், பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவன், அன்றைக்கு மிஷின் பக்கத்தில் எனக்கு அடுத்து நின்ற புருஷோத்தமன், வாயைத் திறந்தான். “எனக்கும் கேட்டுச்சுபா. நீயே இல்லன்னுட்ட, அதான்.”

நெல்லையப்பன் ஊர்க்காரன் மாரிசெல்வம் டிபன் பையைத் தரையில் வைத்தான். “ஒங்க பேச்ச நம்பித்தானல, அவன் செவிடன்னு பொண்ணு வீட்ல போயி நான் சொன்னேன்” என்று புருஷோத்தமன் காலரைப் பிடித்தான்.

“என்னிய இன்னாத்துக்குப் புடிக்கிற? மொதல்ல கேக்கலன்னவன் அதோ நிக்கிறான் பாரு.”

மாரிசெல்வம் காலரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.