சுவரில் எடுத்த அங்கவடி அளவு

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் தையல் அளவுகளை நோட்டில் எழுதி வைத்ததில்லை. ஆளுக்கொரு நூல். உயரத்துக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களின் அளவு என் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கும். தைத்துக் கொடுத்த ரவிக்கை ஒன்றுகூடப் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

முப்பத்தெட்டு வயதில் பெற்ற என் கடைசி மகள் மாட்டு டாக்டருக்குப் படிக்கச் சென்னைக்குப் போனாள். அங்கே குதிரை ஏறவும் கற்றுக்கொடுத்தார்கள். ஓட்டப்பந்தயம் இல்லை. டிரெஸ்ஸாஜ் என்று பெயர். குதிரையை வட்டம் போட வைக்க வேண்டும், சொன்ன இடத்தில் அசையாமல் நிற்க வைக்க வேண்டும். மேலே இருப்பவளோ ஒன்றுமே செய்யாதவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கால் நன்றாகத் தொங்க வேண்டுமாம். பாதம் வைக்கிற இரும்பு வளையம்தான் அங்கவடி. அது தொங்குகிற தோல்வார் குட்டையானால் முட்டி மடங்கிவிடும். நீளமானால் கால்விரல் அங்கவடியைத் தேடிக்கொண்டே போகும்.

லீவுக்கு வந்தபோது சொன்னாள். "நாலு பேரத்தாம்மா போட்டிக்குக் கூட்டிக்கினு போவாங்க. நான் உக்கார்றது சரியில்லன்னு மாஸ்டர் சொல்லிக்கினே இருக்காரு."

"வார்ல எத்தினியாவது ஓட்டைன்னு எண்ணி வச்சிக்கயேன்டி."

"ஒவ்வொரு வாரும் ஒவ்வொரு விதமா இழுத்துக்கினு கெடக்கு. எண்ணி என்னா பண்றது?"

அளவுக்குத்தான் நான் இருக்கிறேனே. குவார்ட்டர்ஸ் பின்பக்கச் சுவரின் மேல், இரண்டு பக்கமும் கால் போட்டு அவளை உட்கார வைத்தேன். சுவரின் விளிம்பிலிருந்து உள்ளங்கால் வரை நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, குதிரைக்கும் ஜாக்கெட்டு தெக்கிறீங்களா?"

"குதிர வந்து கேட்டா தெப்பேன். நீ குடுத்தது ஒரு மாசமா மடிச்சுக் கெடக்குது, அத வாங்கிக்கினு போ மொதல்ல."

நூலோடு போனவள் முதல் வாரம் போன் செய்து சரியாக இருக்கிறது என்றாள். அடுத்த வாரம் நீளம் என்றாள். இரண்டு விரற்கடை ஏற்றி முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்தாற்போல் இருப்பதாக மாஸ்டர் திட்டினாராம். இறக்கச் சொன்னேன். மறுபடி நீளம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஒரு காலு எப்பிடிடி வாரத்துக்கு வாரம் வளந்து வளந்து கொறையும்?"

"எனுக்கு என்னாம்மா தெரியும்? நீ சொன்னாப்லதான் வக்கிறேன்."

ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒரு ஜாக்கெட்டுக்கு இத்தினி தபா அளவு மாத்தச் சொன்னா, அந்தப் பொம்பளைய நீ வூட்டாண்டயே சேக்க மாட்ட."

அன்று அவருக்கு ரசத்தை ஆறவைத்தே ஊற்றினேன். எங்கே தவறு என்று மிஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். கால் அதேதான், நூல் அதேதான். கடைசியில், சுவரில் எடுத்ததுதான் சரியான அளவு, அதையே வை, இனி மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

போட்டிக்கு ஆள் எடுக்கிற நாளில் நானும் சென்னைக்குப் போனேன். மைதானத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். குதிரை மிரளும், சத்தம் போடக்கூடாது என்றார்கள். யாருக்கு எந்தக் குதிரை என்று சீட்டு எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த மாணவியிடம், "அவங்கவுங்களுக்குன்னு ஒரு குதிர இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க ஆன்ட்டி. தினமும் மாறும்."

முதலில் வந்தது ஒல்லிக் குதிரை. விலா எங்கள் சுவர்போலத் தட்டையாக இருந்தது. ஏறியிருந்த பெண்ணின் கால் நேராகத் தொங்கியது. அடுத்து என் மகளுக்கு விழுந்த பெட்டைக் குதிரை வந்தது. தண்ணீர் டிரம் மாதிரி வயிறு. அவள் ஏறிய உடனே பார்த்தேன். கால் இரண்டும் அந்த வயிற்றின்மேல் அகன்று போயின. அகன்ற கால் அவ்வளவு கீழே எட்டுமா? நான் உடுத்துகிறவளை மட்டும் அளந்திருந்தேன். குதிரையை அளக்கவேயில்லை.

ரெண்டு ஓட்டை ஏத்துடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது வட்டத்தில் அங்கவடி காலைவிட்டு நழுவி, அவள் கணுக்காலில் அடித்து அடித்து ஆடியது. கால்விரலால் துழாவியபடியே முடித்தாள். நாலு பேரில் அவள் பெயர் இல்லை.

என்னை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். வழியில் அவளே சொன்னாள்.

"நீளம்னு ஒன் காலு சொல்லலையான்னு மாஸ்டர் கேட்டாரும்மா."

"நீ என்னா சொன்ன?"

"சொல்லிச்சு சார், ஆனா எங்கம்மா அளவு தப்பாதுன்னு சொன்னேன்."

அவள் பையிலிருந்து நூலை எடுத்தாள். தன் தொடைமேல் வைத்து இழுத்து, என் முடிச்சுக்கு மேலே இன்னொன்று போட்டாள். "இது குண்டுக் குதிரைக்கு," என்றாள்.

என்னைக் கேட்காமல் என் நூலில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை. முடிச்சும் தளர்வாகத்தான் விழுந்திருந்தது. அதை இறுக்கிக் கொடுக்கக் கை பரபரத்தது. கையை என் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.