காசியம்மாவும் பச்சை மைக் கையெழுத்தும்

காரைக்காலை அடுத்த நெரவிக்குப் பக்கத்தில் இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே கூட்டிப் பெருக்கி, மூன்று வேளை டீ கொடுக்கிற வேலை காசியம்மாவுக்கு. ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு விளக்குமாறோடு மாடியேறியபோது, புதிதாகப் பெயிண்ட் அடித்த ஓர் அறைக் கதவில் யாரோ செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். காசியம்மாவுக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். படத்தில் தெட்சிணாமூர்த்தி ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்கு அன்றைக்கு வேலைக்கு வரப்போகிறவரும் அவர்தான்.

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, பெயிண்ட் உரியாமல் அதை எடுத்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, யார் ஒட்டியது என்று கேட்கவும் இல்லை.

அவர் மேல் அவளுக்குப் பிரியம் என்று நினைத்துவிட வேண்டாம். காசியம்மா திருவேட்டக்குடிக்காரி. வீட்டுக்காரர் முத்தையன் மஞ்சள் காமாலையில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உதவித்தொகைக்காகத் தெட்சிணாமூர்த்தியிடம் மூன்று முறை மனு கொடுத்திருந்தாள். அப்போது அவர் நல வாரியத் தலைவர். கல்யாண வீடோ கருமாதி வீடோ, யார் காகிதம் நீட்டினாலும் சட்டைப்பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுப்பார். படிக்கமாட்டார். பக்கத்தில் நிற்பவர் முதுகில் வைத்து, 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பச்சைக் கையெழுத்து விழுந்த காகிதத்தை எந்த ஆபீசில் கொடுத்தாலும் அடுக்கின் அடியில்தான் வைப்பார்கள் என்பது காரைக்கால் முழுக்கத் தெரியும். தெரிந்தும் ஜனங்கள் வாங்குவார்கள். வாங்காமல் திரும்பினால் வீட்டில் திட்டு விழும்.

அப்படிப்பட்டவரைக் கவிழ்த்தது அந்த லைஃப் ஜாக்கெட்தான். மீனவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம் என்று திருவேட்டக்குடிக் கரையில் பந்தல் போட்டு விழா நடத்தினார். போட்டோ எடுத்து முடிந்ததும் காசியம்மாவின் தம்பி முருகானந்தம், சோதித்துப் பார்க்கலாமே என்று ஒன்றைத் தண்ணீரில் போட்டான். போட்டது போனதுதான். டிவிக்காரர்கள் மைக்கை நீட்ட, "கல்லுகூட கொஞ்சம் யோசிச்சுத்தாங்க முங்கும். இது யோசிக்கவே இல்ல" என்றான். அந்த ஒரு வாக்கியம் புதுச்சேரி வரை போயிற்று. விசாரணை வந்தது, பதவி போனது. அவர் பெயரைச் சுவரெல்லாம் எழுதிய கட்சியே, அப்படி ஒருவர் எங்களோடு இருந்தாரா என்று கேட்டது.

அவர் திருநள்ளாற்றை ஒட்டியிருக்கிற சுரக்குடிக்காரர். ஏழரைச் சனி என்று சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாற்றில் எள் விளக்குப் போட்டார். எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறவர்களை விட்டு விலகுகிற சனி, கோயில் மதில் ஓரத்தில் இருக்கிற தன்னைப் பிடித்துவிட்டதே என்று அவருக்கு ஒரே வருத்தம். பகவானுக்குப் பக்கம் என்ன, தூரம் என்ன.

ஆனால் ஏழே மாதத்தில் சனி வேறு யோசனைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. கம்பெனி முதலாளி சஃபியுல்லா அவரைக் கூப்பிட்டு ஆலோசகர் வேலை கொடுத்தார். ஏசி அறை, கார், தலைவராக இருந்தபோது வாங்கியதைப் போல நாலு மடங்கு சம்பளம். எந்த ஆபீசில் எந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் எந்த நேரத்தில் நல்ல மனசோடு இருப்பார் என்பது தெட்சிணாமூர்த்திக்கு அத்துபடி. அதற்குத்தான் சம்பளம். வாரத்துக்கு இரண்டு போன் பேசினால் வேலை முடிந்தது. மற்ற நேரமெல்லாம் மேஜையைப் பார்ப்பார், மேஜை அவரைப் பார்க்கும்.

அதே வாரம் கீழே அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து துப்புரவு வேலை சென்னை ஏஜென்சிக்கு, ஆட்களையும் அவர்களே கொண்டுவருவார்கள். ஒன்பது வருஷமாகப் பெருக்கிய காசியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் நின்றுகொள்ள வேண்டியதுதான். கணக்கர் ஜவஹர் அலிதான் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கோட்டுச்சேரி பஸ்ஸில் அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

இதற்கிடையில் மாடியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜவஹர் அலி, மகளின் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் லீவு கேட்டு மேனேஜருக்கு எழுதிய காகிதத்தோடு வராந்தாவில் போனார். எதிரே தெட்சிணாமூர்த்தி. கையில் காகிதத்தோடு ஒரு ஆள் தன்னை நோக்கி வந்து எத்தனை மாதம் ஆயிற்று. பழக்கம் விடுமா. பேனா வெளியே வந்தது. ஜவஹர் அலியை அப்படியே திருப்பி நிறுத்தி, அவர் முதுகில் வைத்தே கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

மேனேஜர் ஹரிஹரன் புனேயில் பிறந்து வளர்ந்த பையன். தமிழ் பேசுவான், வாசிக்க வராது. பச்சை மையின் மகிமை அவனுக்கு எப்படித் தெரியும். இவ்வளவு சம்பளம் வாங்குகிற மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அப்படியானால் இது உத்தரவு என்று எடுத்துக்கொண்டான். லீவு அரை மணியில் கிடைத்தது.

சேதி பரவாமல் இருக்குமா. எடை போடுகிற பெண்கள் காற்றாடி கேட்டார்கள், வந்தது. டிரைவர்கள் சாப்பிட ஒரு கொட்டகை கேட்டார்கள், அதுவும் வந்தது. அந்தக் கையெழுத்தால் ஒரு காரியம் நடந்தது அதன் ஆயுளிலேயே அப்போதுதான். தெட்சிணாமூர்த்திக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று காசியம்மாவிடம் சொல்லி, கிடங்கிலிருந்த பழைய பெஞ்சைத் தூக்கிவந்து வாசலில் போடவைத்தார்.

எல்லாரும் கேட்டார்கள், காசியம்மா மட்டும் கேட்கவில்லை. ஜவஹர் அலி லீவு முடிந்து பேத்தி பிறந்த இனிப்போடு வந்தவர், தானே எழுதித் தருவதாகச் சொன்னார்.

"மூணு வச்சிருக்கேன் தம்பி. நாலாவதுக்கு வீட்ல எடமில்ல" என்றாள்.

"அக்கா, அது அந்தக் கையெழுத்து. இது இந்தக் கையெழுத்து."

முதல் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டு, மறுநாள் டீயோடு, நாலு பேரையும் வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஜவஹர் அலி எழுதித் தந்த மனுவையும் கொண்டுபோனாள். கூடவே பழைய மூன்று மனுக்களின் ஜெராக்ஸ். கடல் காற்றில் நைந்து போகாமலிருக்க லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள். நாலையும் வரிசையாக மேஜையில் பரப்பினாள்.

தெட்சிணாமூர்த்தி வழக்கம்போல நாலாவதில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்ற மூன்றையும் பார்த்தார். பளபளவென்று தன் கையெழுத்தே மூன்று தடவை அவரைப் பார்த்தது. டீயை எடுத்தவர் குடிக்கவில்லை.

"இதுல ஒண்ணுகூட நடக்கலையாம்மா?"

"நான் நடந்தேனுங்க" என்றாள் காசியம்மா. "செருப்புதான் ரெண்டு ஜோடி போச்சு."

அவர் தலை குனிந்துகொண்டார். காசியம்மாவுக்கே பாவமாகப் போய்விட்டது. டீ ஆறுதுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுடைய நேரம், அன்று சாயங்காலமே காற்றாடிக்கும் கொட்டகைக்கும் ஆன பில்லை முதலாளி பார்த்துவிட்டார். ஆலோசகருடைய கையெழுத்து வெளி ஆபீசுக்கு மட்டும்தான், உள்ளே செல்லாது என்று ஹரிஹரனுக்கு உத்தரவாயிற்று. காசியம்மாவின் மனு அப்படியே திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த ஹரிஹரனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அதை மற்ற மூன்றோடு சேர்த்து வைத்து, இதற்கும் ஒரு லேமினேஷன் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தெட்சிணாமூர்த்தி வந்து அந்தக் காகிதத்தைக் கேட்டார். வாங்கிக்கொண்டு வராந்தாக் கோடியிலிருந்த முதலாளி அறைக்குப் போனார். உள்ளே ஆள் இருக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். உட்கார வேறு இடமில்லை. தானே போடச்சொன்ன பெஞ்சை அந்த வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனுவோடு ஒரு வாசலில் அவர் உட்கார்வது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். காசியம்மா டீயோடு வந்து உட்காரவைத்தாள்.

"எந்திரிக்காதீங்க ஐயா. எந்திரிச்சா அவசரமில்லன்னு நெனச்சுக்குவாங்க."

"எவ்வளவு நேரம்மா இருக்கணும்?"

"அது அவங்க இஷ்டம். காகிதத்த மடிக்காதீங்க, நெஞ்சோட பிடிங்க. உள்ளேருந்து யாரு வந்தாலும் கொஞ்சம் சிரிங்க. ரொம்பச் சிரிச்சிராதீங்க."

உள்ளே போய் என்ன சொல்வது என்று அவர் அவளையே கேட்டார். இருபது வருஷம் மேடையில் பேசியவர். கார்த்திகை மழையில் ஐஸ் ரூமுக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தபோது, எங்கே குத்தினால் திறக்கும் என்று யாருக்குத் தெரிந்தது என்று கேளுங்கள் என்றாள்.

இரண்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே இருந்தது முதலாளியும் ஹரிஹரனும் மட்டும்தான். இருந்தாலும், "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தது வெளியே நின்ற நாலு பெண்களுக்கும் கேட்டது. காசியம்மா கண்ணை மூடி மாரியம்மனைக் கூப்பிட்டாள். ஐஸ் ரூம் வாய்க்கால் வந்தது. அதன் பிறகு காவிரி வந்தது, கடைமடை வந்தது, மறுபடியும் வாய்க்கால் வந்தது. சஃபியுல்லா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாராம், மூன்றாவது தடவை தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாராம். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பேச்சு வெள்ள நிவாரணத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நாலு பேரும் இருக்கட்டும். ஏஜென்சி வேணாம்னு எழுதிடுங்க" என்று ஹரிஹரனிடம் சொல்லிவிட்டு முதலாளி எழுந்தார். வாசலைத் தாண்டும்போது, "அந்த பெஞ்ச எடுத்துருங்க" என்றார்.

அன்றைக்குக் காசியம்மா எல்லாருக்கும் போட்ட டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது என்று சொல்வார்கள்.

ஆறு மாதம் கழித்துத் தெட்சிணாமூர்த்திக்குப் புதுச்சேரியில் இன்னும் பெரிய வேலை வந்தது. ஏதோ தனியார் மருத்துவக் கல்லூரியாம், சம்பளம் இரண்டு மடங்காம். ஒரு ஜாக்கெட் மூழ்கினதுக்கு இவ்வளவு என்றால் இரண்டு மூழ்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முருகானந்தம் கேட்டான்.

கிளம்புகிற அன்று கம்பெனியில் சால்வை போர்த்தினார்கள். காசியம்மா பெட்டியைக் கார் வரைக்கும் கொண்டுவந்தாள். அவர் பின்சீட்டில் உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கினார். தான் வந்த முதல் நாள் கதவில் என்னவோ ஒட்டியிருந்ததாக ஜவஹர் அலி சொன்னார், அதை எடுத்தது யார் என்று கேட்டார்.

காற்றில் போயிருக்கும் என்றாள் அவள். பிறகு இடுப்பிலிருந்து மடிக்காமல் சுருட்டி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். உதவித்தொகை மனு, புதிதாக எழுதி வாங்கியது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது.

"கையெழுத்து வேணாங்க ஐயா" என்றாள் காசியம்மா. "பெரிய ஆபீசு நீங்க போற ஊர்லதான் இருக்கு. நீங்களே கொண்டுபோயி உட்காருங்க."