கை படாத மாவு புளிக்காது

மாவு விற்பவனுக்கு நிம்மதியான பிழைப்பு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். விடிந்தும் விடியாமலும் பொங்காத மாவுப் பாத்திரத்தோடு கடை வாசலில் நிற்கும் ஒரு அம்மாவை அவர்கள் பார்த்ததில்லை.

இட்லி மாவும் கேழ்வரகு மாவும் விற்று வயிறு வளர்க்கும் சக பாவிகளே, நான் போராட்டத் துண்டறிக்கைகளை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஆகவே குறைகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலாவது, டீக்கடையில் காலனிக்காரர்களான எங்களுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். ஏன் என்று கேட்டு அடி வாங்கினேன். இரண்டாவது, டம்ளரை எடுத்துவிட்டு எல்லாருக்கும் காகிதக் கப் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் சமத்துவம் கப்போடு நின்றுவிட்டது தெரிந்தது. மூன்றாவது, சுடுகாட்டுப் பாதைக்காக மறியல் செய்து சிறைக்குப் போனேன். நான்காவது, என்னோடு சிறைக்கு வந்தவர்கள் தலைவர்கள் ஆனார்கள். மேடையில் எனக்கு ஒரு சால்வை போட்டு, அடுத்தவருக்குப் போட வேண்டும் என்று அதையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது, செஞ்சிக் கடைத்தெருவில் நானும் என் மனைவி பச்சையம்மாளும் மாவுக்கடை வைத்தோம். அவள் அரைத்த மாவு எல்லாத் தெரு அடுப்பிலும் வெந்தது. அவள் பெயரை மட்டும் எந்தத் தெருவும் சொல்லவில்லை. மாவுக்காரி, ஏம்மா, இந்தாம்மா. அவ்வளவுதான்.

முதல் நான்கையும் எப்படியோ செரித்துவிட்டேன். ஐந்தாவதை விடுவதில்லை என்று இருந்தேன்.

மிஷினே கலக்கட்டும்

ஒரு மார்கழியில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி வந்தாள். பெரிய தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமியார் சொல்லி அனுப்பியதை ஒப்பித்தாள்: “கை படாம, மிஷின்லயே கலந்து குடுங்க.” எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. பச்சையம்மாள் கரண்டியைக்கூடத் தொடாமல் உப்பைக் கிரைண்டரில் போட்டு, அப்படியே சாய்த்துக் கொடுத்தாள். செஞ்சியில் மார்கழிக் குளிர் மலையிலிருந்து இறங்கிச் சமையலறைக்குள்ளே வந்து உட்காரும். மறுநாள் பாத்திரத்தில் மாவு ஊற்றிய கோட்டிலேயே நின்றது. வார்த்த இட்லியைக் கொண்டுவந்து காட்டினாள். சுவரில் அடித்தால் சுவருக்குத்தான் சேதம்.

“உன் கையவே வுட்டு அடி வரைக்கும் கலக்கும்மா, அப்புறம் அடுப்புப் பக்கத்துல துணி சுத்தி வை” என்றேன். கைச் சூடும் கையில் இருக்கும் நல்ல கிருமியும் சேர்ந்துதான் மாவைக் கிளப்பும் என்று விளக்கினேன். பச்சையம்மாள் தன் பங்குக்குப் புது மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலந்து, இந்த முறை தன் கையாலேயே வழித்துப் போட்டாள். அடுத்த நாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். இட்லி பூவாக வந்ததாம், மாமியார் ஆறு தின்றாராம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “மிஷின்லதான் கலந்ததுன்னு சொல்லிட்டேண்ணா, யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.”

கோட்டைக்கு அடியில் குடித்தனம்

குன்னூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா, கோட்டை இருக்கும் ராஜகிரி மலையடிவாரத்தில் வாடகைக்கு வந்தார். மனைவி பிள்ளைகள் ஊரிலேயே. தனியாகச் சமைக்கப் பழகுகிறவர். சித்திரையில் ஒரு காலை, சட்டையெல்லாம் மாவோடு வந்து நின்றார். ராத்திரி மேடையில் வைத்த மாவு பொங்கி வழிந்து, அடுப்பை மூழ்கடித்து, கீழே வைத்திருந்த செருப்புக்குள் போயிருந்தது. “சோடா உப்பு கலந்து ஊரை ஏமாத்தறீங்களா?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. என்னை ரவுடி என்று சொன்னவர்கள் உண்டு, கலப்படக்காரன் என்று சொன்னவர் இவர்தான். ஆனாலும் கேட்டேன், “சுவத்துல கைய வச்சுப் பாத்தீங்களா சார்?” பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை ராத்திரியெல்லாம் அதைக் கக்கும். குன்னூரில் ஒரு ராத்திரி முழுக்க எடுக்கும் புளிப்பு, இங்கே சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வந்துவிடும். பாதிப் பாத்திரம் மட்டும் ஊற்றி, தண்ணீர்த் தாம்பாளத்தில் இறக்கி வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, மலையைக் காட்டிக் கேட்டார்: “ராத்திரி தூங்கவே முடியாத இந்த எடத்தப் புடிக்கவா அத்தனை ராஜாக்கள் அடிச்சிக்கினாங்க?”

கொள்கையும் பீரும்

மதுக்கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தளவானூர்க்காரர் ஒருவர். அவர் பையன் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். ஒரு நாள் கேரி பேக்கில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி ஜாடி, உள்ளே மங்கிய பழுப்புத் தண்ணீர். “புளிக்க வைக்கிறதுல உங்களத்தான் சொல்றாங்க பெரியப்பா. இது ஒரு குமிழிகூட வுட மாட்டேங்குது.” பார்லி தானியம், ஈஸ்ட், எல்லாம் ஆன்லைனில் வாங்கி முதல் முறையாக பீர் போட்டிருக்கிறான்!

வீட்டில் இதைக் காய்ச்சினால் கேஸ் என்று அவனுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கொள்கை கெடும், திறக்காவிட்டால் தொழில் மானம் கெடும். நான் இப்படி நடுவில் நிற்க, உள்ளேயிருந்து பச்சையம்மாள் கேட்டாள், “ஈஸ்ட்ட எப்பப் போட்ட?” கொதிக்கக் கொதிக்க இறக்கி உடனே போட்டானாம். “அப்ப அது அன்னிக்கே செத்துப்போச்சு. சுடு கஞ்சியில புளிச்ச தண்ணிய ஊத்துவாங்களா? ஆற வேணாம்?” என்றாள். ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கேஸ் விவரத்தையும் சொல்லி, அடுத்தது போடாதே என்றேன். அவன் கவலை வேறாக இருந்தது: “எங்க நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க பெரியப்பா, அவரு போட்டோ பேப்பர்ல வந்ததே அந்த மதுக்கடைப் போராட்டத்துலதான்.”

அம்மனுக்கு பிளீச்சிங் பவுடர்

பெரிய தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் வார்ப்பார்கள். யார் எந்த வேலை செய்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று மைக்கில் பெயர் வாசிப்பது அங்கே வழக்கம். விலைக்கு விற்றவனுக்குப் பெயர் கிடையாது. இந்த வருடம் புதுச் செயலாளர் உரக்கடை ஏழுமலை. கூழைப் பச்சையம்மாளே இலவசமாகப் புளிக்க வைத்துத் தருவாள் என்று நான் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தபடி சொன்னார், “மாவு மட்டும் விலைக்குக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்.” புரிந்தது. கொடுத்தேன்.

கூழ் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் பைக்கில் வந்து நின்றார். “மாவு சரியில்லண்ணே, கரைச்சது கரைச்சபடியே கிடக்குது.” நானும் பச்சையம்மாளும் போனோம். மூன்று அண்டாவிலும் ஆஸ்பத்திரி வராந்தா வாசனை. சுத்தமாக இருக்கட்டும் என்று அண்டாவை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஊற்றிய தண்ணீரிலும் ரெண்டு கரண்டி போட்டிருக்கிறார்கள். கரைப்பதற்குக்கூட மூங்கில் கழிதான். யார் கையும் படவில்லை. கிருமியும் பிழைக்கவில்லை, கூழும் பிழைக்கவில்லை.

“எல்லாத்தையும் கொட்டிட்டு நல்ல தண்ணில கழுவணும். எங்க கடையில புளிச்ச கரைசல் இருக்குது, அதை வுட்டு புது மாவு கரைச்சா நாளைக்குள்ள எழும்பிடும். ஆனா புளிக்க வச்சது பச்சையம்மாள்னு மைக்குல வாசிக்கணும்” என்றேன். அவர், “கமிட்டியக் கேட்டுச் சொல்றேன்” என்றார். “கேட்டுட்டு வாங்க, நிக்கிறோம்” என்றேன். காத்திருப்பதில் நான் தேர்ந்தவன். அரசாங்கமே என்னிடம் களைத்துப்போயிருக்கிறது. ஆனால் அதற்குள் பச்சையம்மாள் அண்டாவைக் கழுவ வைத்து, கடையிலிருந்து கரைசலையும் புது மாவையும் வரவழைத்து, கோயில் வாசலில் கூடியிருந்த அத்தனை பேர் பார்க்க முழங்கை வரை கையை உள்ளே விட்டுவிட்டாள். “நீ மாநாடு நடத்திக்கினே இரு, அம்மனுக்கு நேரமாவுது” என்றாள் என்னிடம். என் பேரம் முழுக்க அவள் முழங்கையோடு மூழ்கிப்போயிற்று. அப்புறம் கையை எடுக்காமலே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்: “செயலாளரே, ஊரு பாக்கத்தான் கைய வுட்டிருக்கறேன், குடிக்கிறப்ப யாரு கைன்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

மைக்

ஞாயிற்றுக்கிழமை கூழ் நுரைத்து நின்றது. மோர் ஊற்றியதும் வாசனை வரிசையின் கடைசி வரை போனது. மைக்கில் பெயர்கள் வந்தன. நொய் அரிசி கொடுத்தவர், வெங்காயம் கொடுத்தவர், முருங்கைக்கீரை பறித்துத் தந்தவர், பந்தல் போட்டவர். அப்புறம் அம்மன் பாட்டு. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். பழைய வழக்கம், கோஷத்துக்கு முன்னால் கட்டுவது.

அதற்கு வேலை இல்லாமல் போனது. இரண்டாவது சொம்புக்கு வந்த ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார், “இந்த வருசம் கூழு நல்லா எழும்பியிருக்குதே, யாருப்பா புளிக்க வச்சது?” பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள் பாதிப்பேர் வரிசையில்தான் நின்றார்கள். அவர்கள் ஏழுமலையைப் பார்த்தார்கள். அவர் பாட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். “கூழ் புளிக்க வைத்தவர், பச்சையம்மாள்” என்றார்.

இரண்டு சொம்புகள் வரிசையை விட்டு விலகின. மற்றவை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு முன்னால் வந்தன. எனக்குக் கண் கலங்கியது. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற பச்சையம்மாளுக்கு அதெல்லாம் இல்லை. கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தினாள்: “செயலாளரே, எல்லாருக்கும் இனிஷியல் வாசிச்ச, எங்க நைனா எழுத்த மட்டும் எங்க வுட்ட?”

ஆகவே சக பாவிகளே, என் போராட்ட வரலாற்றில் தடியடி இல்லாமல் நிறைவேறிய ஒரே கோரிக்கை, சொம்பேந்திய சாட்சிகள் முன்னிலையில் திருத்தி மறுபடியும் வாசிக்கப்பட்டபடி, கோ. பச்சையம்மாள்.