வாவியில் கழுவிய வான்

வாகனம் கழுவுவதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. வாடகைக்கு ஓடுகிறவன் வண்டியை அழுக்காக வைத்திருந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நேரே போய்ச் சொல்லியும் விடுவேன். அப்படிப்பட்ட நானே கழுவிக் கழுவி ஒரு வான் வண்டியைச் சாகடிக்கப் பார்த்தேன். வான் போனால் போகட்டும் என்று விடலாம். அதற்குள் என் மனைவி இருந்தாள், அவள் வயிற்றில் எங்கள் பிள்ளை இருந்தது.

சுனாமிக்கு முன் நாங்கள் எழுவான்கரையில், கடலோரத்தில் இருந்தோம். கடல் வந்து வீட்டையும் என் ஆட்டோவையும் நாலு வயது மகளையும் கொண்டு போனது. மகள் கிடைக்கவே இல்லை. அவளுடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அதன்பிறகு மனைவி கடலோரத்தில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். கடலோடு சேர்ந்த வாவியைக் கடந்து அவள் பிறந்த ஊரான பழுகாமத்துக்கு வந்தோம். சண்டை அங்கேயும் துரத்தியது. சில மாதம் முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பிய மறு வருடம் ஏறாவூரில், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனிடம் அந்தப் பழைய வானை வாங்கினேன். நானா வெளிநாட்டில் வாகனம் திருத்திவிட்டு வந்தவர். விற்ற வண்டியையும், கட்டிக்கொடுத்த பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டே இருப்பார்.

"தம்பி, பழசு வாங்கினா முதல் எஞ்சின் பெல்ட்ட மாத்திப் போடணும். அது அறுந்தா எஞ்சின்ட கதை முடிஞ்சிது. ஒயிலப் புதுசா ஊத்துங்க. கிழமைக்கு ஒருக்கா அடிப்பக்கத்த நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க. மேல மினுக்கிறதுல ஒண்டுமில்ல, அடிதான் வண்டிக்கு ஆயுசு" என்றார். பிரேக் குழாய் கொஞ்சம் பழசு, அடிக்கடி பார்த்துக்கொள் என்றும் சொன்னார்.

வாங்கிய அன்றே பின் கண்ணாடியில் மகளின் பெயரை எழுதுவித்தேன். எங்கள் பக்கத்தில் வாகனத்தில் பிள்ளையின் பெயர் போடுவது வழக்கம்தான். ஆனால் எங்களுக்கு அவள் பெயர் இருந்த ஒரே இடம் அந்தக் கண்ணாடி. மனைவி கிட்டப் போய் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பெல்ட் மாற்றினேன், ஒயில் மாற்றினேன், நானா சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். கழுவுவதில்தான் பிசகினேன். மனைவி வயிற்றில் அப்போது நாலு மாதப் பிள்ளை. சுனாமிக்குப் பிறகு இரண்டு தரம் தங்கி, இரண்டு தரமும் கலைந்திருந்தது. வான் கழுவ இருபது வாளியாவது வேண்டும். நான் கிணற்றடிக்குப் போனால் போதும், "விடுங்க, நான் அள்ளித் தாறன்" என்று அவளும் கயிற்றைப் பிடிக்க வந்துவிடுவாள். சொன்னால் கேட்கிற பெண்ணா? அதனால் வானை வாவிக்குக் கொண்டு போனேன். தை மாதம், மழைவெள்ளம் இறங்கி வாவி நிரம்பிக் கிடந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன், உப்பில்லாத நல்ல தண்ணி. ஊரில் உழவு மெசினும் மோட்டார் சைக்கிளும் மாடும் அங்கேதான் குளிக்கும். நானும் பின்பக்கமாக இறக்கி, சில்லு மூழ்க விட்டு, ஆசைதீரக் கழுவினேன்.

மழைத்தண்ணி வடிந்ததும் கடல் உள்ளே ஏறி வாவி உப்பாகும் என்பது எங்கள் பக்கத்தில் நண்டு சிண்டுக்கும் தெரியும். நான் கடற்கரையில் பிறந்தவன், எனக்குத் தெரியாதா? தெரியும். பழக்கம் விடவில்லை. மாசி, பங்குனி, சித்திரை, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் இறக்கினேன்.

வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அந்தக் கிழமைதான் மனைவியை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. எட்டு மாதம். குறுக்கு வழியில் போவதென்றால் வாவியைப் பாதையில் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. அதில் ஏறினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அக்கரை தட்டிய பிறகுதான் திறப்பாள்.

நாங்கள் துறைக்குப் போனபோது பாதை இன்னும் நடு வாவியில் வந்துகொண்டிருந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதி கட்டை தரைவரை போனது. ஒன்றும் பிடிக்கவில்லை. கை பிரேக்கை இழுத்தேன், கம்பி இறுகிக் கிடந்தது. முன்னால் வெறும் தண்ணீர். முதலாவது கியருக்குத் தள்ளினேன், வண்டி உறுமிக்கொண்டே இறங்கியது. பின்னாலிருந்து அவள் என் சேட்டுக் கொலரைப் பிடித்தாள். "என்ட புள்ள... என்ட புள்ள..." என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. முன் சில்லு தண்ணீருக்குள் போய், சேற்றில் புதைந்து நின்றது. துறையில் நின்றவர்கள் ஓடிவந்து பின் சில்லுக்குக் கட்டை போட்டார்கள். நான் இறங்கிக் கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறினேன்.

அவளை ஒரு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வானை உழவு மெசினில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். சேதி கேட்டு நானா மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். வெளியே வரும்போது கையில் பிரேக் குழாயின் ஒரு துண்டு இருந்தது. விரலால் நெரித்தார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"எங்க தம்பி கழுவினீங்க?"

"வாவியில, நானா."

"அல்லாஹ்வே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு ஏச்சும் ஏசவில்லை.

வாசலில் நின்ற மனைவிதான் சொன்னாள்: "மூத்தவள உப்புத்தண்ணி வந்து கொண்டு போச்சு. இத நீங்களே கொண்டு போய்க் குடுக்கப் பாத்தீங்களே." சொல்லிவிட்டு அழுதாள். நானும் நானாவுக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். கிணற்றுக் கயிற்றை அவள் பிடிக்கக் கூடாதென்றுதான் அங்கே போனேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அதைச் சொல்லி என்ன?

நானா குழாய், கம்பி எல்லாம் புதிதாகப் போட்டு, துருவைச் சுரண்டி, அடிப்பக்கம் முழுக்கப் பழைய ஒயில் பூசினார். அடுத்த மாதம் அதே வானில்தான் பிறந்த மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூத்தவள் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதுவித்தோம். மூத்தவள் பெயரைச் சின்னதாக்கட்டுமா என்று எழுதுகிறவர் கேட்டார். மனைவி முறைத்த முறைப்பில் தூரிகையை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

வான் இன்றைக்கும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில்தான் கழுவல். மனைவி அள்ளித் தருவாள், நான் அடிப்பக்கத்துக்கு அடித்து ஊற்றுவேன். இளையவளுக்கு இப்போது ஐந்து வயது. பின் கண்ணாடி அவள் பொறுப்பு. போன கிழமை நான் அவசரத்தில் வாளியோடு கண்ணாடியில் வீசப் போனேன். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அக்காக்கு மெள்ள ஊத்துங்க. அவக்குத் தண்ணியெண்டாப் பயம்."

மனைவி இழுத்துக்கொண்டிருந்த கிணற்றுக் கயிறு பாதியில் நின்றது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையால் அள்ளி அள்ளி ஊற்றினேன்.