மூன்று ஓமும் ஓர் ஏலாதும்

நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் ஒருவன் வெளுத்த சேட்டும் கையில் பிளாஸ்டிக் பைலுமாக ஏறினால், அவன் என்ன அலுவலாகப் போகிறான் என்பது கயிறு அவிழ்க்குமுன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் பைலைச் சேட்டுக்குள் செருகி மறைத்திருந்தேன். அதனால் இன்னும் விரைவாகத் தெரிந்துவிட்டது.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. என் மகளுக்கு உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் எஸ். சித்திதான், ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் காணாது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்ற என் மனைவிக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டுப்பட்டிக்கு ஓடுகிறவள் இப்போது நாள் முழுக்க அங்கேயே நின்றாள். வீட்டில் கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

"யாழ்ப்பாணத்தில இரண்டாந்தரம் எழுதுறதுக்கு ஒரு ரியூசனில சேர்த்துப்போட்டு வாங்கோ" என்று மனைவி எங்கள் இருவரையும் அனுப்பினாள்.

"உனக்கு விருப்பமோ பிள்ளை?" என்று இறங்குதுறையில் வைத்துக் கேட்டேன்.

"தெரியாது அப்பா."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

எங்கள் படகில் பெண்கள் கீழே, ஆண்கள் மேலே. சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம். மகள் கீழே இறங்கினாள். நான் மேலே போய், கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து இருந்தேன்.

"என்ன தம்பி, பிள்ளையின்ர ரிசல்ட் எப்பிடி?" கயிற்றுச் சுருளுக்கு மறுபக்கம் ஓய்வுபெற்ற மாஸ்டர் இருந்தார்.

"பரவாயில்லை மாஸ்டர்."

"பரவாயில்லை எண்டா மூண்டு எஸ். எனக்கு அண்டைக்கே தெரியும். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். என்னட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன் ரவுணில ரியூசன் நடத்துறான். இரண்டாந்தரம் பிள்ளை மூண்டு ஏ எடுப்பாள். இண்டைக்கே சேர்ப்பம், என்ன?"

"ஓம் மாஸ்டர்."

எனக்கு ஒருவர் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல வராது. கலியாண வீட்டில் வயிறு நிறைந்த பிறகு இலையில் சோறு விழுந்தாலும், அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவேன்.

சந்தியில் கடை வைத்திருக்கும் அண்ணை கிட்டே நகர்ந்து வந்தார். "மாஸ்டர், உங்கட பேச்சைக் கேட்டா பிள்ளை பென்சன் எடுக்கும் வரைக்கும் சோதினை எழுத வேண்டியதுதான். தம்பி, என்ர தங்கச்சி கனடாவில. மகனுக்குப் பொம்பிளை பாக்கினம். அங்க போய் இருந்துகொண்டு படிக்கட்டுமன். நான் ஒருக்காக் கதைக்கட்டே?"

"ஓம் அண்ணை."

அடுத்தது என் மச்சான் முறையான ஒருவர். வங்கியில் காவல் வேலை. "கனடாவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். எங்கட வங்கிக்குப் பக்கத்தில கொம்பியூட்டர் கோர்ஸ் இருக்கு. மச்சான், உனக்குக் கரண்ட் சுவிச்சைத் தொடவே நடுக்கம். பிள்ளையாவது கொம்பியூட்டர் படிக்கட்டும். சொல்லிவிடவே?"

"ஓம் மச்சான்."

நடுக்கடலில் அலை ஏறி அடித்து மூவரையும் நனைத்தது. அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நாங்கள் இறங்கும் குறிகட்டுவான் துறை கிட்டவாகச் சிக்னல் வந்ததும் மூன்று பேரும் போனை எடுத்தார்கள். தங்கள் தங்கள் அலுவலாக்கும் என்று நினைத்தேன்.

படகு கரையைத் தொட்டது. இன்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து மகள் ஏறி வந்தாள். எங்கள் தீவு மாடுகளுக்கு ஊசி போட வரும் மிஸ், படகாட்டத்தில் முகம் வெளிறி, முகர்ந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழமும் கையுமாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, மாடு வளர்ப்புக்கு டிப்ளோமா ஒண்டு இருக்காம். இரண்டு வரிசம். விடுதியும் இருக்காம். என்ர ரிசல்ட்டுக்கும் போடலாமாம். இப்பத்தான் விண்ணப்பம் எடுக்கினமாம். மிஸ் சொல்லித் தாறாவாம். நான் போகட்டே?"

ஒரு கிழமைப் பேச்சும் ஒரே மூச்சில் வந்தது.

"நான் ஊசி போட வாற நேரமெல்லாம் மாட்டைப் பிடிச்சுத் தாறது இவள்தான் அண்ணை," என்றார் மிஸ். "உங்கட சிவலைப் பசு என்னைத் துரத்தி மதிலில ஏத்தினதே, அண்டைக்கு என்னை இறக்கினதும் இவள்தான்."

நான் வாயைத் திறக்குமுன் மாஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, கெதியா வாரும். பெடியன் ஓர் இடம் பிடிச்சு வைச்சிருக்கிறான்."

கடைக்கார அண்ணை போனை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பிள்ளை, மாமியோட ஒரு சொல்லுக் கதை." போனுக்குள் ஒரு பெண் போர்வையோடு இருந்து கையாட்டினார்.

"கொம்பியூட்டர் சேர் பத்து மணிக்குப் பாத்துக்கொண்டிருப்பாராம்," என்றார் மச்சான்.

"எனக்கெல்லோ ஓம் எண்டவர்!" என்றார் மாஸ்டர்.

"எனக்கும்தான்."

"எனக்கும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பா," என்றாள் மகள், "எத்தினை பேருக்கு ஓம் சொன்னனீங்கள்?"

"மூண்டு பேருக்கு."

பெரியவர்கள் முன்னால் அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். நான் மாஸ்டரின் பின்னால் நடந்தால் என் பின்னால் வருவாள். ஒரு சொல்லும் பேசாமல், பட்டிக்குள் நின்றதுபோல, இன்னொரு வருடமும் இருந்துவிடுவாள்.

"ஏலாது," என்றேன்.

"என்ன?" என்றார் மாஸ்டர். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"ஏலாது!"

"கேக்கேல்லைத் தம்பி!"

நான் மூச்சை இழுத்துக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.

"ஏலாது மாஸ்டர்! ஒருத்தருக்கும் ஏலாது! பிள்ளை மாடு படிக்கப் போறாள்!"

இறங்குதுறை முழுக்கக் கேட்டது. நயினாதீவுக் கோயிலுக்குப் போகப் பூத்தட்டுகளோடு நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. பஸ் கொண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

போனுக்குள்ளிருந்து கேட்டது: "என்னவாம் அண்ணை? பிள்ளை என்ன படிக்கப் போறாவாம்?"

"மாடு," என்றார் கடைக்கார அண்ணை.

"அது நல்ல விசயமெல்லோ! இஞ்ச பால் விக்கிற விலைக்கு!"

முதலில் சிரித்தது மகள்தான். பிறகு மிஸ், பிறகு மச்சான். மாஸ்டர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி எங்களுக்கு முன் இருக்கையில் இருந்து, கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பினார். "மாட்டுக்கும் உயிரியல்தானே. விண்ணப்பத்தை நான் ஒருக்காப் பாக்கிறன்." ரியூசனுக்குப் போகாமல் பைலில் இருந்ததைப் போட்டோப் பிரதி எடுத்தோம், ஐஸ்கிரீம் குடித்தோம். மகள் இரண்டு குடித்தாள்.

திரும்பும் படகில் நான் மேலே போகவில்லை. மகளோடு கீழே இறங்கிவிட்டேன். பெண்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டார்கள். பக்கத்து வளவு மாமி என்னைப் பார்த்தார்.

"தம்பி, சிவலை கண்டுக்குட்டி போட்டா எங்களுக்குத் தருவியளே?"

நான் வாயைத் திறந்தேன். மகள் முந்திவிட்டாள். "ஏலாது மாமி."

அவள் இப்போது விடுதியில் இருந்து படிக்கிறாள். போன மாதம் சிவலை கன்று போட்டது. மனைவி போனைப் பிடிக்க, மகள் அதற்குள் இருந்து அதைச் செய்யுங்கோ, இதைச் செய்யாதையுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கன்று காலை உதறி எழுந்து நின்றது. கல்மதிலுக்கு மேலால் பக்கத்து வளவு மாமியின் தலை தெரிந்தது.

"கண்டு எங்களுக்குத்தானே தம்பி?"

போனுக்குள் மகள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஓம் என்றுதான் வந்தது.