சிவகாசியில் விடிந்த பிறகு வந்த பேப்பர்

என் மருமகன் பசுபதி சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையோரம் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மாலைத் தினசரிக்கு மெஷின்மேனாக வந்தார். பேப்பர் பெரிது இல்லை, வயதுதான் பெரிது. தெருவில் குதிரை கட்டிய காலத்தில் இப்போது அதை நடத்தும் டோரதியம்மாவின் தாத்தா ஒற்றை அறையில் தொடங்கியது. ஆறு பொங்கி ஊர் மூழ்கியபோதும் படகில் போய்க் கொடுத்தார்களாம். ஒரு நாளும் நின்றதில்லை. அந்தப் பெயருக்காகத்தான் டோரதியம்மாவின் தம்பிமார் விற்காமல் வைத்திருந்தார்கள். நின்றால் விற்பார்கள். விற்றால் மருமகனுக்கு வேலையும் போச்சு, கிரீன் கார்டும் போச்சு.

தொண்ணூற்றேழில் சரஸ்வதி பூஜை. சிவகாசியில் அன்று எந்த மெஷினும் ஓடாது. இங்கே லீவு ஏது? கருவிகளுக்காவது ஓய்வு கொடுப்போம் என்று டூல் பெட்டியைக் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சந்தனம் வைத்து அம்மன் முன் வைத்தேன்.

மதியம் உருளை இறுகி மெஷின் நின்றுவிட்டது. அந்தக் கிழட்டு மெஷினுக்கு அதன் ஸ்பானர்தான் சேரும், கடையில் கிடைக்காது. மருமகன் வியர்த்து ஓடிவந்தார்.

"அத்தை, பெட்டி வேணும்."

"நாளைக்குக் காலைல பூஜை பண்ணித்தான் எடுக்கணும், மாப்பிள்ளை."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்காது அத்தை."

என் மகள் வள்ளி, "அம்மா, லூசு மாதிரி பேசாத. நான் எடுக்கறேன்," என்றாள். மருமகன்தான் அவள் கையைப் பிடித்தார். அவருக்கும் மனசு வரவில்லை.

டோரதியம்மா போன்மேல் போன். இன்றைய தேதி போட்ட பேப்பர் இன்றைக்கே வெளியே போக வேண்டும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டேன்: "சிவகாசியில எப்ப விடியும்?"

வள்ளி என்னை முறைத்தாள். மருமகன் சட்டென்று சிவகாசியில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டார். இன்னும் இருட்டு என்றார் தம்பி. வைக்க விடவில்லை நான். ரிசீவரைப் பிடித்தபடி மூவரும் நின்றோம். இங்கே ஜன்னலில் வெளிச்சம் போனது. அங்கே, "அண்ணே, கிழக்கு வெளுத்துருச்சு," என்ற தம்பியின் குரல் கேட்டது.

சூடம் காட்டினேன். புகைக்கு அலாரம் அலறியது. அந்தச் சத்தத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஊர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் வீடு வீடாகப் பேப்பர் விழுந்தது. மருமகன் மை காயாத ஒன்றைக் கொண்டுவந்தார். வள்ளி பிரிக்கப் போனாள். வாங்கி அம்மன் முன் வைத்தேன்.

"பூஜையன்னிக்குப் படிக்கக் கூடாது. விடியட்டும்."

"அத்தை, ஸ்பானருக்குச் சிவகாசிக் கணக்கு, பேப்பருக்கு டெக்சாஸ் கணக்கா?"

"ஆமா," என்றேன். "கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."