சக்கரம் இல்லாத போட்டோ

எங்கள் சித்தப்பா பிழைப்புக்கு மனிதர்களைப் படம் பிடித்தார். ஆசைக்கு இடிந்த சுவர்களைப் பிடித்தார். ஓசூர் கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அவருக்கு வேலை. வாரம் முழுக்க, தாடையைத் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதலாளியின் பழைய பெட்டிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூரை போன சத்திரம், ஆளில்லாத பங்களா, புளியமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கும் லாரி என்று இப்படி எதையாவது தேடிப் போவார். அப்பாவுக்கு இது அறவே பிடிக்காது. "மூக்கும் முழியுமா ஊருல இவ்வளவு சனம் இருக்குது. இவன் குட்டிச்சுவத்தப் போட்டோ புடிக்கறான்" என்பார்.

சித்தப்பா என்னைக் கூட்டிப்போனதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. அவர் நுழைய முடியாத சந்தில் நான் நுழைந்து, உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்து வந்து சொல்வேன். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு எதுவும் இருக்கவில்லை. ஆனால் எதையும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. "எப்படிக் கெடக்குதோ அப்படியே எடுக்கணும் பாப்பா. தொடச்சி வெச்சிட்டா அது பொய்யாப் போயிரும்" என்பார்.

தளிக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நடந்தால் தொரை பங்களா வரும். சுதந்திரம் வந்தபோது வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போனவர்தானாம். அப்புறம் யாரும் குடிவரவில்லை. அங்கே ஆடு மேய்க்கிற கிழவர் எங்களைப் பார்த்தால் "இல்லி ஏனு இதெ?" என்று கன்னடத்தில் கேட்பார். இங்கே என்னதான் இருக்கிறது என்று அவருக்கும் புரியவில்லை. எனக்கோ அங்கே எல்லாமே இருந்தது. சமையல்கட்டு தனியாக இருக்க, கூடத்துச் சுவரில் ஏன் இன்னொரு அடுப்பு? ஆள் முழுசாகப் படுத்துக்கொள்கிற அளவுக்குப் பீங்கான் தொட்டி எதற்கு? அதில் மழைத்தண்ணீர் நின்று, தவளைகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

பின்கட்டுக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. கறுப்பு நிறம், படகு போல நீளம். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சக்கரங்கள் நாலும் பாதிவரை மண்ணில் இறங்கியிருந்தன. சித்தப்பாவுக்கு அந்தச் சக்கரங்கள்மேல்தான் கண். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவற்றையே எடுத்தார்.

அந்த வருஷம்தான் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, சித்தப்பாவுக்கு நேர் இளையவள். அவளுக்கு பெங்களூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படிக்க ஆசை. அப்பாவோ, கேள்விப்பட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். பெற்றவர்கள் இல்லாத தங்கையை ராத்திரி டூட்டிக்கு அனுப்பினான் என்று ஊர் பேசுமே என்ற பயம் அவருக்கு. அந்த நேரம் பார்த்து எங்கள் மாதா கோயில் உபதேசியார் சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தார். "தங்கமான மனுசங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொண்ணு போட்டோ மட்டும் போதும்" என்றார். ஒன்றும் கேட்காத சம்பந்தம்! அப்பா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சித்தப்பா, அத்தை, நான் மூவரும் கிளம்பினோம். சித்தப்பா எங்களைத் தளி பஸ்ஸில் ஏற்றினார். வீட்டில் வாயைத் திறக்காமலிருக்க எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை கிடைத்தது.

பங்களா வாசலில் காடாகிப்போன ரோஜாச் செடி ஒன்று உண்டு. அதனருகே அத்தையை நிறுத்தி அடக்கமாக ஒரு படம் எடுத்தார். அப்புறம் அத்தை நேராகக் கொட்டகைக்குப் போனாள். கைக்குட்டையை நனைத்துக் காரின் கண்ணாடியைத் துடைத்தாள், கதவைத் துடைத்தாள். சித்தப்பா தடுக்கவில்லை, அவரே கோழியைத் தூக்கி வெளியே விட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டம் என்னவாயிற்று? அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

"எடுண்ணா. ஒண்ணும் வேணாங்கறவங்க எதப் பாக்கறாங்கன்னு பாப்போம்."

"சக்கரம் தெரியலையே சித்தப்பா?" என்றேன். அவர் கேமராவோடு ரொம்பக் கிட்டே நின்றிருந்தார்.

"இன்னிக்குச் சக்கரம் வேணாம் பாப்பா."

கார்ப் படம் வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தெரிந்துவிடுமோ என்று நான் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டுடியோவில் பலகையில் கார் மாதிரி அறுத்து வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். அதன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவே அம்மாவைப் பக்கத்தில் வைத்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார். "பலகைக் காருக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சிட்டாங்க போலக்குது. நெசக் காரு மாதிரியே கீது" என்று சொல்லி உபதேசியாரிடம் கொடுத்தனுப்பினார். நான் வேர்க்கடலையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

சேலத்துப் பதிலோடு உபதேசியார் சைக்கிளை மூச்சிரைக்க மிதித்து வந்தார்.

"பொண்ணு ரொம்பப் புடிச்சிருக்குதாம். காரக் கல்யாணத்தன்னிக்கே அனுப்பறீங்களா, மறுவீட்டுக்கு அனுப்பறீங்களான்னு கேக்கறாங்க."

"எந்தக் காரு?" என்றார் அப்பா.

"பொண்ணு ஓட்டுதே, அந்தக் காருதான்."

"அது பலகைங்க!"

"பலகைக்கு ஏதுங்க பின்சீட்டு?"

அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். விஷயம் வெளியே வந்தது. பங்களா, தளி பஸ், கோழி எல்லாம் வந்தன. அப்பா உபதேசியாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமே சேலத்திலிருந்து பதில் வந்தது: பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம், இரண்டு வருஷம் போகட்டுமாம். "காரக் கட்டிக்கறவங்களுக்குப் பொண்ணு எதுக்கு?" என்றாள் அம்மா. அத்தை தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவமானம் அப்பாவை அரித்தது. ஆத்திரம் முழுவதும் சித்தப்பா தலையில் விடிந்தது. "ஒழுங்கா ஒரு போட்டோ எடுக்கத் துப்பில்லையாடா?" என்று கத்தினார். "ரோஜாச் செடிகிட்ட ஒண்ணு எடுத்தேண்ணா. கலங்கிப் போயிருச்சு" என்றார் சித்தப்பா. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. என் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன. எனக்கு அழுகையாக வந்தது.

ஆனால் ஒன்றும் கேட்காதவர்கள் கேட்டதை அப்பாவால் ஜீரணிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவரே அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "படிச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தாள். அவள் பைக்குள் தலையை விட்டுக் குடைந்த எனக்கு ஆஸ்பத்திரி அடையாள அட்டை ஒன்று அகப்பட்டது. அதில் ஒட்டியிருந்த போட்டோவில் அத்தை ரோஜாச் செடியருகே நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு முள்ளும் தெளிவாகத் தெரிந்தது.

"சித்தப்பா, கலங்கிப்போன போட்டோ தெளிஞ்சிருச்சு!" என்று கூவினேன். அம்மா வேகமாக ஒரு அதிரசத்தை என் வாயில் திணித்தாள். அப்பா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அத்தனை மாதங்களுக்கப்புறம் தம்பியிடம் பேசினார்.

"அந்தக் காரு எங்கடா கீது? எனக்குக் காட்டு."

மறுநாள் எல்லோரும் தளி பஸ்ஸில் போனோம். அப்பா கொட்டகைக்குள் காரை ஒருமுறை சுற்றி வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி, மண்ணில் இறங்கிய சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"போட்டோவுல இதக் காணோமேடா."

சித்தப்பா தரையைப் பார்த்தார். அவர் மறுபடியும் திட்டு வாங்கக் கூடாதென்று நான் முந்திக்கொண்டேன். "சித்தப்பா மறக்கலப்பா. இன்னிக்குச் சக்கரம் வேணாம்னு அவருதான் சொன்னாரு."

அப்பா அத்தையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். பின்சீட்டுக் கோழி பயந்து பறந்தோடுகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் தோளைப் பிடித்தபடி எழுந்தார். அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

மண்ணில் புதைந்த சக்கரத்தில் சிரிக்கவும் அழவும் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன்.